மணிக்கூண்டுத் தபால்தலையில் பாதி முத்திரை

1

இந்தக் கதை ஒரு குப்பைக்கூடையில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (முன்பு எழுதிய தொடக்கம்: "மணிக்கூண்டு சரியாகப் பத்து மணி பத்து நிமிடத்தை…" அடித்துவிட்டேன். ஓர் அங்குலத் தபால்தலையில் முள் எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். வம்பே அதுதான்.)

அவள் என்றால் என் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கோபுரம், பாலம், கோட்டை என்று கட்டடம் போட்ட தபால்தலைகளை மட்டும் சேர்ப்பாள். பூவும் பறவையும் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் அவளுடைய அண்ணன். நாலு வருடத்துக்கு முன் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர், வருடத்துக்கு ஒரு கடிதம் போடுவார். முகவரி இருக்காது. முத்திரையில் ஒவ்வொரு தடவையும் வேறு ஊர். கட்டடம் இருக்கும்.

2

போன வாரம் வந்த கடிதத்தில் இரண்டே வரி: "உடம்பு கொஞ்சம் படுத்துது. நீ கவலைப்படாதே."

அவள் அழுதாள். அழுதுகொண்டே, கைப்பழக்கத்தில், உறையின் மூலையை மணிக்கூண்டுத் தபால்தலையோடு கத்தரித்து, தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தாள்.* முத்திரையில் பாதி அதோடு போயிற்று: ஒரு வளைவு, தேதியில் இரண்டு இலக்கம். ஊர்ப் பெயர் இருந்த மீதிப் பாதி, மேசையில் கிடந்த உறையில். அது துறைமுக நகரத்து முத்திரை என்பதைப் பார்த்தபடியே கணவன்காரன் உறையைக் குப்பைக்கூடையில் போட்டான்.

(கணவன்காரன் நான்தான். வேறு யாரோ மாதிரி நடமாடவிட்டால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.)

* முத்திரை தெளிவாக இருந்தால் உறையை வெட்டக் கூடாது என்பாள். எல்லாருக்கும் சொல்வாள். அன்றைக்கு மறந்துவிட்டாள்.

3

குப்பை வண்டி போன பிறகுதான் அவளுக்கு உறையின் நினைவு வந்தது. அன்றே முடிவு செய்துவிட்டாள்: மணிக்கூண்டு இருக்கிற ஊருக்குப் போய் அண்ணனைத் தேடுவது.

"அந்தத் தபால்தலையை எந்த ஊர்லயும்தான் விப்பாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஆனா எங்க அண்ணன் சும்மா ஒட்டமாட்டான். எதைத் தினம் பார்க்கிறானோ அதைத்தான் ஒட்டுவான்."

கடையில் மூன்று நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள். மணிக்கூண்டு கிழக்கே, துறைமுகம் மேற்கே. தப்பான ஊருக்குப் போனால் அவ்வளவுதான். அதற்குள் அவர் உடம்பு என்ன ஆகும் என்று…

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

4

இன்று காலை என் மேசைமேல் இருந்த தாள்களை எடுத்துப் படித்தாள். இரண்டாம் பகுதியில் நின்றுவிட்டாள்.

"துறைமுகம்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"பார்த்தீங்களா? இல்ல, கதைக்காகப் போட்டீங்களா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. உறை கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது. முத்திரையின் அரைவட்டமும் ஞாபகம் இருக்கிறது. எழுத்துகள்? எழுதும்போதுதான் அவை முதல்முறை கண்ணில் பட்டன. எழுதி முடித்த பிறகோ, நேரில் பார்த்ததுபோலப் பளிச்சென்று இருக்கின்றன. ஒருவேளை, அந்த மனிதருடைய கடிதம்தானே என்ற வெறுப்பில் ஏறிட்டும் பார்க்காமல் போட்டிருப்பேனோ? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயமாக இருக்கிறது.

முடிவு ஒன்று: துறைமுகத்தில் ஒரு மாடி அறை, அண்ணன் கதவைத் திறக்கிறார். (என் வசதிக்கு எழுதியது.)

முடிவு இரண்டு: மணிக்கூண்டின் கீழே, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் போட்டோவைக் காட்டிக்கொண்டு, மூன்றாம் நாளும் அவள்… (கை ஓடவில்லை.)

5

பை கட்டியாயிற்று. துணிகளுக்கு மேலே ஆல்பம்.

"கிழக்கே போற பஸ்ஸும் மேற்கே போற பஸ்ஸும் ஒரே நேரத்துலதான் கிளம்புது. சொல்லுங்க, எதுல ஏறட்டும்?"

துறைமுக முத்திரை என்ற அந்த வரியை நான் இன்னும் அடிக்கவில்லை. இரண்டாம் பகுதியில் அப்படியே இருக்கிறது. நீங்களும் அதைத் தாண்டித்தான் வந்தீர்கள். படித்தபோது நம்பினீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள், அவளிடம்.