இடது கதவு ஸ்பீக்கர்

கார்க் கதவின் ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஷைலா ஒயரைத் தேடிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் ஜெபமாலை மூன்றாம் தேவ இரகசியத்துக்கு வந்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். நாலு மணிக்கு எடுப்பது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது பதினொன்று.

"சாவு ஊட்ல பண்ற வேலையா இது?" என்று எதிர்வீட்டுக் கமலம் வாசல் கேட்டருகே நின்று, யாரிடம் என்றில்லாமல் கேட்டுவிட்டுப் போனாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பெற்ற அப்பனைப் பெட்டியில் வைத்துவிட்டு மகள் காருக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறாள் என்றால், வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்த மாதிரிதான். ஆனால் செய்யச் சொன்னது அம்மா. ஆரோக்கியம்மாள் தன் மகளிடம் இதுவரை ஒரு ஜாக்கெட் துணி கூடக் கேட்டதில்லை. இன்று விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து நின்று கேட்டாள்.

"அவரு பாடறத ஒரே ஒரு தரம் கேக்கணும்டி. எடுக்கறதுக்கு முன்னாடி."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. அப்பா ஜெயபால் முப்பத்தொரு வருஷம் கோவில் பாடகர் குழுவில் இருந்தவர். ஆனால் ஒரு நாள்கூடத் தனியாகப் பாடியவரில்லை. அவருடையது கட்டைக்குரல். மற்றவர்கள் மெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே போவார்கள், அவர் அடியிலேயே நின்று தாங்கிக்கொண்டிருப்பார். கேட்கிறவர்களுக்கு அப்படி ஒருவர் பாடுவதே தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். மூன்றாவது பெஞ்சில் முக்காடோடு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி பன்னிரண்டு குரல்களில் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுப்பாள். என்ன, இவள் கல்லை வைத்துக்கொண்டு அரிசியைத் தள்ளிவிடுகிறவள்.

போன கிறிஸ்துமஸ் ஒத்திகையில் யாரோ செல்போனில் பிடித்த பாட்டு ஒன்று இருந்தது. அவர் குரல் உள்ள பதிவு அது ஒன்றுதான். காலையில் ஷைலா அதைத் தன் போனில் போட்டு அம்மாவின் காதில் வைத்தாள். அம்மா கடைசி வரை கேட்டாள்.

"எல்லாரும் பாடறாங்க. அவரு மட்டும் இல்லியே."

ஷைலாவும் வைத்துக் கேட்டாள். இல்லைதான். விரல் நகம் அளவு ஸ்பீக்கரில் அத்தனை கனமான குரல் எப்படி ஏறும்? டிவியில் போட்டுப் பார்க்கலாமா என்றதற்கு அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "கார்ல கேக்கலாம்னுதான் அவரு சொன்னாரு."

அந்தக் காரைப் பற்றித் தெருவே சிரித்து ஓய்ந்திருந்தது. சிவப்பு நிறம். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. இருபத்தைந்து வயசான ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு நெமிலிச்சேரியில் ஒருவர் என்னதான் செய்வது? ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் வயிறு உரசும். மழை வந்தால் கேட்டைத் தாண்டாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மீட்டர்களும் கேஜ்களும் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற மாதமே இதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவை இடப்பக்கம் உட்காரவைத்து வெளிவட்டச் சாலையில் ஒரு சுற்று. நாற்பதைத் தாண்டமாட்டார். மொபெட்டில் கீரைக்கட்டு கொண்டுபோகிறவர்கள்கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்ப்பார்கள்.

கதவுகளில் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் ஒரு மாதம் முன்பு உயிரை விட்டன. அவற்றின் காகிதக் கூம்பைச் சுற்றி இருந்த ஸ்பாஞ்சு தூளாகி உதிர்ந்து, கொஞ்சம் கனமான சத்தம் வந்தாலே கிழிந்த முறம் மாதிரி அதிர்ந்தன. புதுசு மாட்டியதும் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்கலாம் என்று அப்பா பென்டிரைவில் ஏற்றி, வண்டியிலேயே செருகியும் வைத்துவிட்டார். நேற்றுக் காலை உட்கார்ந்தார். அம்மா உட்காரும் பக்கம் என்று இடது கதவை முதலில் முடித்தார். வலது கதவின் உள்பலகையைக் கழற்றி வைத்தார். பத்தரை மணிக்கு அம்மா டீ கொண்டுவந்தபோது முன்சக்கரத்தில் சாய்ந்து, புது ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "டீ ஆறுதுங்க" என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் தரம் தோளைத் தொட்டாள்.

ஷைலாவுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கும் பழக்கமே கிடையாது. வெள்ளானூர் ஃபிளாட்டில் பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுகிறவள். வலது கதவைப் பார்த்ததும் முதலில் கைகால் ஓடவில்லை. பிறகுதான் தரையில் விரித்திருந்த செய்தித்தாளைக் கவனித்தாள். கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் அப்பா இடமிருந்து வலமாக வைத்திருந்தார். கைப்பிடிக்குப் பின்னால் இருந்த நீள ஸ்க்ரூ, அதன் மூடி, எட்டு கிளிப், பிளாஸ்டிக் தாள், வளையம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு எண். அவள் செய்யவேண்டியதெல்லாம் கடைசி எண்ணிலிருந்து பின்னால் வருவதுதான்.

கதவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அத்தனை சுத்தம். துருவைச் சுரண்டி எடுத்துச் சிவப்புப் பூச்சு அடித்திருந்தார். கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளத்தில் புது கிரீஸ் மின்னியது. பலகையைப் போட்டு மூடிவிட்டால் இன்னும் இருபது வருஷத்துக்கு இந்த இடத்தை ஒரு கண்ணும் பார்க்கப்போவதில்லை. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் முழங்கால் நோகக் குந்தி உட்கார்ந்து துடைத்திருக்கிறார். முன்னறையில் ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வராத அழுகை இங்கே வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

ஒயர் இரண்டையும் செருகினாள். கண்ணாடியை இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கவில்லை என்று பார்த்தாள். நாலு ஸ்க்ரூவை முடுக்கினாள். பலகையை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று அம்மாவைக் கூட்டி வந்தாள். அம்மா குனிந்து, நுழைந்து, வழக்கமான இடப்பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். ஷைலா வலப்பக்கம் உட்கார்ந்து, இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு பாட்டைப் போட்டாள்.

பெண் குரல்கள் கணீரென்று வந்தன. ஆர்மோனியம் வந்தது. யாரோ இருமியதுகூட வந்தது. பாட்டு மட்டும் காலில்லாமல் அந்தரத்தில் நின்றது. அம்மா கண்ணை மூடித் தேடிக்கொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது.

"இதுலயும் இல்ல" என்றாள். பிறகு, மகளுக்காக, "பரவால்லடி. நீ எவ்ளோதான் பண்ணுவ" என்றாள். அந்தப் 'பரவால்ல'தான் ஷைலாவால் தாங்க முடியாததாக இருந்தது.

நேற்றிலிருந்து கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்த துலுக்கானம் எழுந்து வந்தார். பட்டாபிராமில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர், அப்பாவின் சிநேகிதர். இந்த ஸ்பீக்கர்களும் அவர் கடைச் சரக்குதான். ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, "இன்னொரு தபா போடும்மா" என்றார். கால் பாட்டிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு பக்கம் பிளஸ்ஸு மைனஸ் மாறிக்கினு கீதும்மா. ஒண்ணு வெளிய தள்ளசொல்ல இன்னொண்ணு உள்ள இஸ்துக்குது. மெல்லிசு கொரலு எப்டியோ தப்பிச்சிக்கும். கட்ட கொரலு ஒண்ணோட ஒண்ணு அடிச்சிக்கினு காணாம பூடும்."

"நான்தான் மாத்தி சொருகிட்டேனா மாமா?"

துலுக்கானம் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வலது கதவில் எட்டிப் பார்த்தார். "உன்து கரீட்டாத்தான் கீது. பெரிய பின்னுல பிளஸ்ஸு. சுத்தமா கீது வேலை."

அப்படியென்றால் இடது கதவு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். பலகை பொருந்தி, விளிம்பு சேர்ந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

"அண்ணாத்தேயா? சான்ஸே இல்லம்மா" என்றார் துலுக்கானம். "கண்ண கட்டிவுட்டாலும் தப்பா சொருவமாட்டாரு. என் கடையில எத்தினி தபா என் தப்ப…" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "நேத்து எழுந்ததுலேர்ந்தே வெரலெல்லாம் மரத்த மாதிரி கீதுன்னாரு. குளுருதுன்னு நெனச்சேன். நான்தான், போயி வெயில்ல உக்காந்து வேலையப் பாருங்கன்னு அனுப்பினேன்."

மரணம் அப்பாவிடம் பத்தரை மணிக்கு வரவில்லை. அதற்கும் முன்னாலேயே வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கதவில் அவரோடு சேர்ந்து வேலை பார்த்திருக்கிறது. அவர் அதையும் வைத்துக்கொண்டே எட்டு கிளிப்பையும் அமுக்கி, பலகையைத் துடைத்து முடித்திருக்கிறார். நினைக்க நினைக்க ஷைலாவுக்குப் பயமாகவும் இருந்தது, அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

"குடும்மா, அஞ்சு நிமிசம்" என்று துலுக்கானம் ஸ்க்ரூ டிரைவருக்குக் கையை நீட்டினார். "அத்த கயட்டி மாத்தி உட்டுர்றேன்."

அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே உள்ளங்கையை இடது கதவுப் பலகைமேல் வைத்தாள். தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை. சும்மா வைத்துக்கொண்டாள்.

ஷைலா ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கவில்லை. "அது அப்பா மாட்டினது மாமா. அது அப்டியே இருக்கட்டும்."

"அப்ப எப்டிம்மா பாட்டு வரும்?"

"என்னுத மாத்திட்டா?"

துலுக்கானம் யோசித்தார். விரல்களைக் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார். "ரெண்டும் தப்பா இருந்தா… ரெண்டும் ஒண்ணா தள்ளும், ஒண்ணா இஸ்துக்கும். சரியாத்தாம்மா பூடும்."

வாசலில் பாடகர் குழு வந்து இறங்கியது. பதினோரு பேர். அமரர் ஊர்தி மூன்றரைக்கே வந்துவிடும் என்று உள்ளே யாரோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷைலா வெயிலில் மண்டியிட்டு நாலு ஸ்க்ரூவையும் மறுபடி கழற்றினாள். சரியாக இருந்த இரண்டு ஒயர்களையும் பிடுங்கினாள். பிளஸ் இருக்கவேண்டிய இடத்தில் மைனஸைச் செருகினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு வேலையைத் தெரிந்தே தப்பாகச் செய்தது இதுதான் முதல் தடவை.

வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். துலுக்கானம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றார். பாட்டைப் போட்டாள்.

ஆர்மோனியம் வந்தது. பெண்கள் எடுத்தார்கள். இரண்டாவது அடியில், அடியிலிருந்து, அது எழுந்தது. கனமாக, அவசரமில்லாமல், நாற்பதைத் தாண்டாத வேகத்தில். சீட்டு அதிர்ந்தது, ஷைலாவின் விலா எலும்பு அதிர்ந்தது. இடது கதவிலிருந்து வருகிறதா என்று அவள் காதைச் சாய்த்துப் பார்த்தாள், இல்லை. வலது கதவிலிருந்தும் இல்லை. கியர்க் கம்பிக்கு மேலே, இரண்டு சீட்டுக்கும் நடுவே, ஸ்பீக்கரோ ஒயரோ எதுவுமே இல்லாத வெற்றிடத்திலிருந்து ஒரு மனிதர் பாடிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கும் இடம்கூடத் தெரிந்தது. ஷைலா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு, கியர்க் கம்பிமேல் விழுந்து கிடந்த முந்தானையை எடுத்து மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, கதவோரமாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.