ஒன்பது பேர் நீட்டிய மிட்டாய்

1

இந்தக் கதை எனக்கு ராஜபாளையத்தில், ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்து பெஞ்சில் கிடைத்தது. வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் கொடுத்தாகிவிட்டது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். சொன்னவர் தனுஷ்கோடி. நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினாறு வருஷமாகச் சர்க்கரை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரணம் அன்று பேருந்தின் மூன்றாவது இருக்கையில்...'

அடித்துவிட்டேன். கதை சொன்னவர் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். போன மாசம் ஒரு காலை, இன்சுலின் போட்டுக்கொண்ட கையோடு அவருக்குப் போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மகள் பாண்டிசெல்விக்குப் பெண் குழந்தை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. தட்டிலிருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினார்.

பாதி வழியில் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்கு நாக்கு குழறியது.

"காலையிலயே போட்டாச்சா பெருசு? எறங்கும்."

விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

3

(கண்டக்டரைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. விவரம் தெரியாதவர், அம்புட்டுத்தான்.)

பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார். தேவதை போல... வேண்டாம், அவருக்கு முழங்கால் வலி. கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் வந்தார். பெயர் தெரியாததால் அப்ரோஸ் பேகம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். தனுஷ்கோடியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"குடிக்கல தம்பி. சுகர் எறங்கிருச்சு. எனக்கும் இப்பிடி வந்திருக்கு. யாருட்டயாவது இனிப்பு இருக்கா?"

நரைத்த தலைகளாகத் திரும்பின. மஞ்சப்பை, கைப்பை, சட்டைப்பை எல்லாம் திறந்தன. ஆரஞ்சு மிட்டாய், குளுக்கோஸ் பொட்டலம், காகிதத்தில் மடித்த சீனி. ஒன்பது பேர் நீட்டினார்கள். ஒன்பது பேருக்கும் சர்க்கரை. தினம் ஒரே வண்டியில் போய்வந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் ஒருத்தர் சங்கதி ஒருத்தருக்குத் தெரிந்தது.

கண்டக்டர் தன் தண்ணீர் பாட்டிலில் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்.

"மன்னிச்சிருங்கய்யா. எங்கம்மாவுக்கும் சுகர்தான். இப்பிடி ஆகும்னு தெரியாமப் போச்சு."

செத்த நேரத்தில் தெளிந்துவிட்டது. ஊர் வந்ததும் அந்த அம்மா, "மொதல்ல சாப்பிடுங்கண்ணே, பொறவு பேத்தியத் தூக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டார். அவர் சொன்னபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார் தனுஷ்கோடி. பேத்தியை வாங்கியபோது கை நடுங்கவில்லை.

4

அன்று அந்த அம்மாவுக்கு நன்றி சொல்ல விட்டுப்போனது. அதற்கப்புறம் நாலு தடவை அதே வண்டியில் போய்த் தேடினார். அகப்படவில்லை.

முடிவில் இருவரையும் சந்திக்கவைத்து ஒரு பக்கம் எழுதி, மறுவாரம் அவரிடம் வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா நான் இன்னும் அவியளப் பாக்கலியே. எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.

இதை வாசிக்கும் அம்மா, அது நீங்கள்தான் என்றால்: குழந்தை சுகம். புதன்கிழமைதோறும் அதே காலை எட்டு மணி வண்டியில் அவர் வருவார். மீதியை அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.