நாலாக மடித்த அட்டை

இப்போதெல்லாம் யாருக்கும் வேலை செய்யத் தெரியவில்லை, வேலையைப் பற்றிப் பேசத்தான் தெரிகிறது. எதற்கெடுத்தாலும் மீட்டிங். மீட்டிங்குக்கு ஒரு பிஸ்கட், ஒரு பேனா, சுவரில் ஒட்ட ஒரு படம். படத்தில் தலைக்கவசம் போட்டவன் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் கையைப் பாருங்கள், நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது. அவன் எனக்குச் சொல்லித் தருகிறானாம்.

எங்கள் கம்பெனியில் நோட்டுப் புத்தகம் தயாராகிறது. தைத்து வருகிற நோட்டுகளை அடுக்கி, ஓரத்தைச் சீராக வெட்டுகிற எந்திரம் என்னுடையது. இருபத்தாறு வருஷமாக. காலையில் நான், மதியம் இரண்டு மணியிலிருந்து என் மச்சினன். வீட்டுக்காரியின் தம்பி. வயதில் என்னைவிட எட்டு சின்னவன், எடையில் முப்பது கிலோ பெரியவன்.

எந்திரத்தின் முன்பக்கம் இடதில் ஒரு பட்டன், வலதில் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் கத்திக்கு அடியில் கை இருக்காது என்று எவனோ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அவனுக்கு மூன்றாவது கை இருக்கும் போல. அடுக்கு சாய்ந்து நிற்க வேண்டிய பின்தகடு தேய்ந்துபோய்க் கிடக்கிறது. இடது கையால் பிடிக்காவிட்டால் அடுக்கு வழுக்கும், நோட்டு கோணலாகும். அதனால் ஓர் அட்டையை நாலாக மடித்து இடது பட்டனின் இடுக்கில் செருகிவிடுவேன். அது அமுங்கியபடியே கிடக்கும். வலதை மட்டும் தட்டினால் போதும். என் விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து எண்ணிக்கொள்ளலாம்.

ஷிப்ட் முடிகிற மணி அடித்ததும் அட்டையை உருவி, சட்டைப் பையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வேன். ஒரு நாளும் தவறியதில்லை. காரணம் மச்சினனின் தொப்பை. அவன் இரண்டு கையையும் உள்ளே விட்டு அடுக்கைத் தள்ளும்போது தொப்பை நேராகப் போய் வலது பட்டனில் சாயும்.

"உனக்கு முன்னாடி உன் வயிறு வேலைக்குக் கிளம்பிடுதுடா" என்பேன்.

"சாயட்டும் மாமா. இடது பட்டன் அமுங்காம கத்தி வராது. எந்திரம் என்ன மனுஷனா, பேச்சு மாற?"

அப்படி எதையும் நம்புகிறவன் அவன். நான் என் நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்க்கிறவன். அட்டை விஷயத்தை அவனிடம் சொன்னதில்லை. அவனிடம் சொன்னால் அன்று சாயங்காலமே அவன் அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

போன மாதம் புதிதாக ஒரு சேஃப்டி மேடம் வந்தார். என் மகளைவிட வயது குறைவு. அன்றைக்கு மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"பெரியவரே, மீட்டிங். மேடம் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

"கடைசி அடுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு."

"உங்க மச்சினன் வந்து வெட்டிக்குவாரு. வாங்க."

கல்யாண மாப்பிள்ளையை அழைத்துப் போகிற மாதிரி முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

கேன்டீனில் மேடம் ஆரம்பித்தார். மஞ்சள் கோட்டுக்குள்தான் நடக்க வேண்டும், ஓடக் கூடாது. ஒவ்வொரு எந்திரத்திலும் சிவப்பு பட்டன் இருக்கிறது, ஆபத்தென்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், யாரும் திட்ட மாட்டார்கள். நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன். பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.

"ஐயா, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கண்ணாடிக்காகப் பையில் கையை விட்டேன். கண்ணாடி வந்தது. அட்டை வரவில்லை. இன்னொரு தடவை துழாவினேன். அப்போது இரண்டு மணி அடித்தது.

நாற்காலி விழுந்த சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. மஞ்சள் கோடு எங்கே போனது, முட்டிவலி எங்கே போனது, ஒன்றும் தெரியவில்லை. "ஐயா, ஓடாதீங்க" என்று மேடம் கூப்பிடுகிறார். எந்திரத்தின் மோட்டார் உறுமத் தொடங்கிவிட்டது. மச்சினன் இரண்டு கையையும் உள்ளே விட்டு அடுக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறான். தொப்பைக்கும் பட்டனுக்கும் நடுவில் நாலு விரல் இடம்கூட இல்லை. கத்தினால் திரும்புவான், திரும்பினால் சாய்வான். வாயை மூடிக்கொண்டு போய்ச் சிவப்பு பட்டனைக் குத்தினேன்.

மோட்டார் நின்றது.

"என்ன மாமா, இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

நான் குனிந்து அட்டையை உருவிக் காட்டினேன். அவன் இடது பட்டனைப் பார்த்தான். தன் இரண்டு கையையும் பார்த்தான். கடைசியாகத் தொப்பையைப் பார்த்தான். பிறகு காகிதக் கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

"மாமா."

"ம்."

"அக்காகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

"எங்கயாவது ஓடிப் போயிருப்பேன்."

"அந்த முட்டிய வச்சுக்கிட்டா?"

அதற்குள் மீட்டிங் மொத்தமும் வந்து சேர்ந்துவிட்டது. மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, ஐயா உடனே செஞ்சு காட்டிட்டாரு. எதப் பாத்துட்டு அமுக்கினீங்க?"

அட்டை என் கைக்குள் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். "என் சட்டை மாட்டப் பாத்துச்சு மேடம். மாமா கண்ணுல பட்டுடுச்சு."

பொய் சொல்லத் தெரியாதவன். காது சிவந்துவிட்டது. ஆனால் மேடம் நம்பிவிட்டார், சிரிப்பும் போய்விட்டது. நோட்டைத் திறந்தார். நாங்கள் வெட்டிய நோட்டுதான். "தளர்ந்த சட்டையோடயா எந்திரத்துல நிக்கிறீங்க? அப்ப உங்கள இதுலேர்ந்து எடுத்துடணும்."

மச்சினன் என்னைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டி ஒத்துக்கொண்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கையை விரித்து அட்டையை எந்திரத்தின் மேசையில் போட்டேன்.

"அவன் சட்ட ஒண்ணும் பண்ணல. இது நான் செருகினது. எடுக்க மறந்துட்டேன்."

"எத்தன வருஷமா செருகுறீங்க?"

"பட்டன் வச்ச நாள்லேர்ந்து."

திட்டுவார் என்று நின்றேன். "ஏன்?" என்று கேட்டார். அதை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. பின்தகட்டைக் காட்டினேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"இத யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். மூணு சூப்பர்வைசர் எழுதிக்கிட்டுப் போனாங்க. நீங்க நாலாவது."

சூப்பர்வைசர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டுக்கு அட்டை ஒட்டுகிற எந்திரக்காரர் தொண்டையைச் செருமினார். பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். தையல் எந்திரக்காரர் ஒரு ரப்பர் பேண்டை வைத்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அன்றே எந்திரத்தை நிறுத்தினார்கள். மச்சினனுக்குக் கிடங்கில் வேலை. என்னைப் பேக்கிங்கில் போட்டார்கள், அதுவும் நிரந்தரமாக. டேப் ஒட்டுகிற வேலை. டேப்பின் முனையைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

பத்து நாள் கழித்து மேடம் கூப்பிட்டு அனுப்பினார். புதுப் பின்தகடு வந்திருந்தது. பட்டனும் புதுசு. இரண்டையும் ஒரே நொடியில் அமுக்கினால்தான் கத்தி இறங்குமாம், அடுத்த வெட்டுக்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அமுக்க வேண்டுமாம். மச்சினன் தொப்பையால் சாய்ந்து காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

"நீங்களே வந்து அட்டைய வச்சாலும் வெட்டாது மாமா. வச்சுத்தான் பாருங்களேன்."

மேடமும் தலையாட்டினார். கையோடு கொண்டுவந்திருந்த டேப் பெட்டியில் ஓர் அட்டையைக் கிழித்து, நாலாக மடித்துச் செருகினேன். மச்சினனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வலதைத் தட்டினேன். கத்தி அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினேன்.

"இப்பவாவது நம்புறீங்களா ஐயா?"

"புதுசுல எல்லாம் சொன்ன பேச்சக் கேக்கும். ஒரு மழைக்காலம் போகட்டும்" என்றேன்.

அட்டையை உருவிப் பையில் போட்டேன். "தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு நில்லுடா" என்று மச்சினனிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் கோட்டின்மேல் நடந்து பேக்கிங்குக்குப் போனேன்.