முதலில் தட்டிய ஜோடி

கைப்பையில் ஒரு ஜோடிக்குத்தான் இடம் இருந்தது. இன்னொரு ஜோடி மற்ற மூட்டை முடிச்சுகளோடு விமானத்தின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். பேரக்காரர் எடை பார்க்கும் பெண்ணிடம் தன் வித்தையெல்லாம் காட்டிப் பார்த்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பஸ் கண்டக்டரிடமே "கடைசியா என்ன சொல்றீங்க?" என்று கேட்கக்கூடிய ஆள்.

"ரெண்டும் சேர்ந்தாக்கூட ஒரு கைக்குழந்தை எடை வராதும்மா."

"கைக்குழந்தைன்னா மடியில வச்சுக்கலாம் சார். இது கட்டை."

"கட்டைங்காதம்மா. வயலின்."

"வயலினா? கம்பி எங்க?"

"அதெல்லாம் மெதுவா வரும்."

"அது வர்ற வரைக்கும் விமானம் நிக்காது சார். ஒண்ணைக் கீழ போடுங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. பேரக்காரர் இரண்டு துணிப் பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு மேப்பிள் பலகைகள். ஒரே மரத்துண்டைப் பிளந்தவை. புத்தகம் விரிப்பது போல விரித்துச் சேர்த்து ஒட்டினால் வயலினின் முதுகு. ஒரு ஜோடி அவருக்கு, இன்னொன்று தங்கை கணவருக்கு.

இருவரும் கூட்டாகக் கடை வைத்திருந்தார்கள். வருஷம் பூராவும் பள்ளிப் பிள்ளைகள் உடைத்துக் கொண்டுவரும் வயலின்களை ஒட்டிக் கொடுத்தே கை தேய்ந்துபோனவர்கள், ஆளுக்கு ஒரு வயலின், பெயர் சொல்லும்படி, நல்ல மரத்தில் செய்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஒருவர் போய் மரம் வாங்க வேண்டும், ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் போவது என்பதில் விவாதமே இல்லை. பேரம் பேசத் தெரிந்தவர்தான் போக வேண்டும். காது உள்ளவர் கடையில் இருந்தே கேட்டுக்கொள்ளலாம்.

கேட்பதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. மரத்தின் வரியும் நிறமும் கண்ணை மயக்கும் என்பதால், ஒருவர் தட்ட வேண்டும், மற்றவர் முதுகைக் காட்டி நின்று கேட்டே எடுக்க வேண்டும். தட்டுகிறவர் வாயைத் திறக்கக் கூடாது. எடுத்ததை மாற்றக் கூடாது. இத்தனை வருஷத்தில் அந்த முறையை இருவரும் மீறியதில்லை. இந்தத் தடவை பேரக்காரர் மரக்கிடங்கிலிருந்து போன் வழியாகத் தட்டினார்.

"மாப்பிள்ளை, இது முதல் ஜோடி."

பலகையின் ஒரு மூலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. அடுத்து, "இது ரெண்டாவது." அதற்கும் அதே போல ஒரு தட்டு.

"மச்சான், இன்னொரு தரம்."

இன்னொரு தரம் தட்டினார்.

"முதல் ஜோடி எனக்கு," என்றார் மாப்பிள்ளை. குரலிலேயே சிரிப்பு கேட்டது.

போனை வைத்து, தங்கியிருந்த அறைக்கு வந்த பிறகுதான் பேரக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். முதல் ஜோடியைத் தனக்காக ஒருமுறை தட்டிக் கேட்டார். சத்தம் எழும்பி, நின்று, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போனது. இரண்டாவதும் நல்ல பிள்ளைதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அவர் முதலாவதைத் தனக்கென்று சுற்றினார். இரண்டாவதை மாப்பிள்ளைக்கென்று கட்டினார். மாப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்பதும் தயாராக இருந்தது: "விமானத்துக் குளிர்ல மரத்தோட சத்தம் மாறிடும் மாப்பிள்ளை." அறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். முகம் ஒத்துழைத்தது.

இப்போது வரிசை பின்னாலிருந்து தள்ள, மாப்பிள்ளைக்கென்று கட்டியதைத்தான் எடைத் தட்டில் வைத்தார். ஏமாற்றியது போதாதென்று அதை இப்போது தூக்கியும் எறிகிறோம் என்று உறைத்தது. ஒட்டுச் சீட்டு ஒட்டிய பொட்டலம் ரப்பர் திரைக்குள் போய் மறைகிற வரை அங்கேயே நின்றார்.

பாதுகாப்புச் சோதனையில் அதிகாரி கைப்பொட்டலத்தைப் பிரித்தார்.

"இதால ஒருத்தர் மண்டையில ஒண்ணு போட்டா?"

"இவ்வளவு நல்ல மரத்தை வீணாக்க யாருக்கும் மனசு வராதுங்க. தட்டிக் கேளுங்க."

அதிகாரி தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார். "உங்களுக்கா செய்யப் போறீங்க?"

"ஆமா, எனக்குத்தான்," என்று பேரக்காரர் சொன்னார். யாரென்றே தெரியாத ஆளிடம் சொல்வதற்கே நாக்கு உள்ளே இழுத்தது.

விமானத்தில் அந்த மரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாலாட்டுப் பாடாத குறையாக உட்கார்ந்திருந்தார். வியாபாரத்தில் அவர் பொய் சொல்லாமல் இல்லை. ஆனால் அங்கே எதிராளியும் கத்தியோடு நிற்பான். முதுகைக் காட்டி நிற்கிறவனிடம் சொன்னதில்லை.

ஊர் வந்து இறங்கியதும் சாமான் வருகிற பட்டையின் அருகே போய் நின்றார். எல்லோருடைய பெட்டியும் வந்தது. கடைசியில் அவர் பொட்டலத்தின் துணி மட்டும் வந்தது. கிழிந்து, ஒட்டுச் சீட்டோடு, தனியாக ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே மரம் இல்லை.

அங்கிருந்த அலுவலகத்தில் கேட்டார்கள். "உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"மரம். ரெண்டு பலகை."

"விறகா?"

"விறகு மாதிரிதான்," என்றார் பேரக்காரர்.

தேடிப் பார்த்தார்கள். எங்கேயோ அவிழ்ந்து விழுந்திருக்கிறது, யாரோ குப்பையோடு தள்ளியிருப்பார்கள் என்று முடிவாயிற்று. நம்முடையது கையில் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்புதான் அவருக்கு முதலில் வந்தது. அது வந்ததற்கே தன்னை ஒரு அறை அறையலாம் போலிருந்தது. வழியெல்லாம், 'மாப்பிள்ளை, உங்களுது போயிடுச்சு' என்று சொல்லிப் பழகினார்.

தங்கை வீட்டின் முன்னறைதான் கடை. மாப்பிள்ளை கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பந்திக்கு உட்காரப் போகிறவர் போலக் காத்திருந்தார். மேஜை மேலிருந்த பசை, கம்பி எல்லாம் ஒதுங்கி, மரத்துக்கு இடம் தயாராக இருந்தது.

"வாங்க மச்சான்! எங்க, எங்க?"

"மாப்பிள்ளை, ஒரு ஜோடி வழியில போயிடுச்சு." பழகிய வாக்கியத்தில் 'உங்களுது' என்பது மட்டும் வரவில்லை.

மாப்பிள்ளையின் முகம் விழுந்தது. பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். ஒரு பலகையின் மூலையைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

குளிரில் சத்தம் மாறவேயில்லை.

"இதுதான்! இதேதான்! நான் சொன்ன முதல் ஜோடி!" மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "அப்ப போனது உங்களுதா மச்சான்?"

பேரக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை அடுக்களைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா! உங்க அண்ணன் என்ன பண்ணியிருக்கார் பாரு! என்னுதை மடியில வச்சுக் கொண்டாந்திருக்கார், அவருதை மூட்டையோட போட்டிருக்கார். இந்தக் காலத்துல யாரு செய்வா?"

தங்கை அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து, கணவரைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதில் பங்கு பிரிக்கிற வேலை எல்லாம் அண்ணனுடையது. அதனால் அவள் சீக்கிரம் எதையும் பாராட்டிவிட மாட்டாள்.

"இல்ல மச்சான், இது சரியில்ல," என்று மாப்பிள்ளை பலகைகளை ஒன்று சேர்த்து, பேரக்காரரை உட்காரவைத்து அவர் மடியில் வைத்தார். "இதை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு அடுத்த தரம் பாத்துக்கலாம்."

"வேண்டாம் மாப்பிள்ளை."

"வச்சுக்கங்கங்கறேன். அலைஞ்சது நீங்க, பேசி வாங்கினது நீங்க. எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு."

திருடிய பொருளை உரியவரே கையில் திணித்து, கும்பிடாத குறையாக நிற்கிறார். இவ்வளவு மலிவாக அவருக்கு எந்தச் சந்தையிலும் எதுவும் படிந்ததில்லை. சும்மா இருந்தால் போதும். மரம் அவருடையது, நல்ல பெயரும் அவருடையது. மடியில் அதன் கனம் இதமாக இருந்தது. அந்த இதத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, நான் மாத்திட்டேன்."

"என்னத்தை?"

"ஜோடியை. நீங்க கேட்டதை எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டாவதை உங்களுதுன்னு கட்டினேன். அதான் கீழ போச்சு. இதைப் பத்திரமா கொண்டாந்தது எனக்காக."

மாப்பிள்ளை தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா! நான் வாங்கிக்கணும்னு எப்படிக் கதை அளக்கறார் பாரு! மச்சான், உங்க பேரமெல்லாம் எங்கிட்டயா? நான் வாங்க மாட்டேன்."

"பேரம் இல்ல மாப்பிள்ளை, நிஜம்."

"இதுதான் மச்சான் உங்க கிட்ட. விக்கறப்பவும் 'நிஜம்'பீங்க, வாங்கறப்பவும் 'நிஜம்'பீங்க!"

தங்கை ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணன் மடியிலிருந்து பலகைகளை எடுத்தாள். கணவரிடம் நீட்டினாள்.

"வாங்கிக்கங்க. அண்ணா நிஜத்தைத்தான் சொல்லுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொய் சொன்னா இப்படி வேர்க்காது."

மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. பலகைகளை மேஜையில் வைத்தார், விளிம்பு இரண்டும் நேராக இருக்கும்படி தள்ளிவிட்டார். பேரக்காரர் நாலு வார்த்தை திட்டுக்காகக் காத்திருந்தார். திட்டினால் பதிலுக்குக் காலில்கூட விழுந்துவிடலாம்.

"மச்சான்." குரல் உயரவேயில்லை. "போன்ல ரெண்டாவதா தட்டினீங்களே, அதை ஒழுங்காத்தான் தட்டினீங்களா?"

பேரக்காரருக்குச் சுருக்கென்றது. ஜோடியை மாற்றியவன் தட்டுவதிலும் ஏமாற்றியிருப்பானோ என்கிறார். "சத்தியமா மாப்பிள்ளை. மூலையைப் பிடிச்சு, எப்பவும் போல. அதுல ஒரு குறையும் வைக்கலை."

அது உண்மை. ஆனால் அந்த மரத்தை எடுத்துத் தட்டிக் காட்ட வழியில்லை. அது எந்த ஊர்க் குப்பையிலோ கிடக்கிறது.

"சரி," என்று மாப்பிள்ளை தலையாட்டினார்.

பேரக்காரருக்கு அந்தத் தலையாட்டல் நன்றாகத் தெரியும். விலை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கடைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.