குசினிக்குள் நின்ற கல்

லுத்பியா சமைக்கும் குசினிக்கு நடுவில் ஒரு கருங்கல் நின்றது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவள் அதில் எத்தனை தரம் கால்விரலை இடித்திருப்பாள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கடைசியில் அதன்மேல் பலகை போட்டு இடியப்பத் தட்டுகளை அடுக்கிவிட்டாள். பிடுங்கி எறிய மட்டும் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் மனம் வரவில்லை.

காரணம் பூட்டன் ஹமீட். கொழும்பின் வெள்ளவத்தை அப்போது பாதி மணல், பாதி தென்னை. வெள்ளைக்காரன் ரயிலை விட்டான், நெசவு மில்லைக் கட்டினான். இல்லையென்று யார் சொன்னது? ஆனால் மில்லையும் ஸ்டேஷனையும் வைத்து ஊராகிவிடுமா? நூல் நூற்க வந்தவர்களும், அவர்களுக்கு அரிசி விற்க வந்தவர்களும், யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கந்தோர் வேலைக்கு வந்தவர்களும் ஆளுக்கொரு கொட்டில் போட்டு, நடுவில் நடக்க வழி விட்டு, ஊராக்கினார்கள். கெட்டிக்காரச் சனங்கள்! 1905இல் நில அளவைத் துரை அந்த வழியை அளந்தபோது இரும்புச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர் ஹமீட். பாதையின் ஓரத்தில் இந்தக் கல்லை நட்டதும் அவர்தான். கல்லை ஒருவரும் அசைக்கக்கூடாது என்று துரை சொன்னதை, அவர் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்தார்.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? கல்லுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டினார்கள். குடும்பம் பெருக, கல்லையும் தாண்டிப் பன்னிரண்டடிப் பாதைக்குள் நாலடி குசினியை இறக்கினார்கள். நிலத்தை விழுங்கினவர்கள் கல்லை விரலளவும் அசைக்கவில்லை. களவிலும் ஒரு நாணயம்!

மிச்ச எட்டடியில் அந்த வழியிலிருந்த பதினொரு வீடும் காலி வீதி என்ற பெருந்தெருவுக்குப் போய்வந்தது. போன வருடம் பக்கத்தில் அடுக்குமாடி கட்ட வந்த கம்பனி, பாதையே இருந்ததில்லை என்று தகரவேலி அடித்தது. கடைசி வீட்டு நாகேந்திரத்துக்கு நெஞ்சுவலி வந்த அன்று, அவரைக் கதிரையில் உட்காரவைத்து ரயில் தண்டவாளம் வழியே தூக்கிப்போய்த்தான் களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தார்கள். மனுசன் தப்பியது அருந்தப்பு. பிறகுதான் பதினொரு வீடும் சேர்ந்து வழக்குப் போட்டது.

கோர்ட் நிலம் அளக்க அனுப்பிய சேவெயர் சாம்பவி, பழைய பிளானின் பிரதியோடு வீடுவீடாக ஏறி இறங்கினாள். லுத்பியா பிளேன்டீ கொடுத்தாள்.

"அன்ரி, பிளானில ரெண்டு கல்லு. ஒண்டு கம்பனிக்காரற்ற அத்திவாரத்துக்குள்ள போயிட்டுது. மற்றது கிடைச்சாத்தான் பாதை இருந்ததெண்டு எழுதலாம்."

"கிடைக்காட்டி?"

"கம்பனிதான் வெல்லும். ஆரோ ஒராளின்ர வீட்டுக்குள்ளதான் கல்லு நிக்க வேணும். ஆனா ஆர் காட்டுவினம்? கல்லுக்கு அங்கால கட்டினது முழுக்கப் போயிடும்."

லுத்பியா தட்டுகளைப் பார்த்தாள். அந்த நாலடிக்குள்தான் அடுப்பு. விடியக்காலையில் மூன்று கடைக்கு இடியப்பம் போவது அந்த அடுப்பிலிருந்துதான். வேறு வருமானம் கிடையாது. வாயைத் திறக்காவிட்டால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

சாம்பவி கோப்பையை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அந்த நேரம் பார்த்து லுத்பியாவுக்கு நாகேந்திரத்தின் கதிரை ஞாபகம் வந்தது. அந்தக் கதிரையின் ஒரு காலை அவளும் பிடித்துத் தூக்கியவள். அவருடைய உயிர் கையில் கனத்தது அவளுக்கு மறக்கவில்லை.

"மகள், நில்லுங்க."

தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பலகையை எடுத்தாள். சாம்பவி அப்படியே முழங்காலில் உட்கார்ந்து, கல்லின் தலையில் வெட்டியிருந்த சிலுவைக் குறியை விரலால் தடவினாள். பிறகு கருவியை வைத்து, ரயில் எல்லையிலிருந்து மூன்று தரம் அளந்தாள்.

"பிளானோட ரெண்டு அங்குலம்கூட வித்தியாசமில்லை அன்ரி! நூற்றிச் சொச்ச வருஷம்! என்னெண்டு இப்பிடியே வச்சிருந்தனியள்?"

"எங்கட ஆக்கள் பாதையத் திண்டாங்க மகள். கல்லத் தொடல்ல."

சாம்பவிக்குச் சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது. "அன்ரி, உங்கட அடுப்பு..."

"தெரியும். கோட்டக் கீறுங்க."

சிவப்பு மை அடுப்புக்கு இந்தப் பக்கமாக ஓடியது. சாம்பவி போனபிறகு லுத்பியா கதவைச் சாத்திவிட்டு ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மறுநாளைக்கு மா வறுத்தாள்.

தீர்ப்பு வர எட்டு மாதமானது. தகரவேலி போனது, குசினியில் பாதியும் போனது. சுவரை உடைத்த மற்றப் பத்து வீட்டாரும், கேட்காமலே சீமெந்து கொண்டுவந்து, அவளுடைய முன்னறையில் புது அடுப்புக் கட்டிக் கொடுத்தார்கள். கல் இப்போது வெளியே, பாதையின் ஓரத்தில் நிற்கிறது.

காலையில் நாகேந்திரம் தடியோடு காலி வீதிக்குப் போவார். பேப்பர் வாங்கத்தான். கல்லுக்குக் கிட்ட வந்ததும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மற்றவர்கள் அவசரத்தில் இடித்துக்கொண்டு "ஐயோ" என்பார்கள்.

இடியப்பம் பிழிந்துகொண்டே லுத்பியா ஜன்னலால் சத்தம் போடுவாள்:

"கல்லப் பாத்துப் போங்க! என்ட பூட்டன் நட்டது!"