ஒரு நாளைக்குச் சூடு ஆகாது

ஆறு மணிக்கு எழுகிறேன். பால் காய்ச்சுகிறேன். பல் தேய்த்துவிட்டுக் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்கிறேன். குளியலறையில் வெளிச்சம் போதாது. நுரை பூசிய முகத்தோடு அம்மாவுக்குப் பதில் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து செய்தித்தாளை வாங்கிக்கொண்டு போகிறார். ஆண் சவரம் செய்வதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. பிறகு குளியல், சட்டை, பேருந்து, அலுவலகம்.

என் மனைவி இறந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய தங்கை வந்தாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். அம்மா கையை விலக்கிப் பார்த்தாள். மேலுதட்டிலிருந்து தாடை வரை தோல் சிவந்து வீங்கிப் பளபளத்தது.

சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இரண்டு நாளாக எரிகிறதாம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நீராவிக்கு முன்னால் நிற்க வேண்டும். நாளைக் காலை மறுபடி அங்கே போயாக வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் கண்ட இடத்தில் தடிக்கும். இந்தச் சிவப்பு கோடு போட்டதுபோல நேராக முடிந்தது. எதையோ விரலால் பூசிய ஓரம் அது.

ஆவி பிடித்தால் அமுங்கிவிடும் என்று அம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அங்கிருந்தே பேசினாள்.

"உங்க அக்காவுக்கும் ஏதாவது ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழம அடுப்படிப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டா. தலைவலியாம், அடுப்புச் சூடு ஆகாதாம். ஃபேனுக்கு அடியில உக்காந்துப்பா, மகாராணி. இவன் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்."

போனவளைக் குறை சொல்வதாக அம்மா நினைக்கவில்லை. சொன்னதில் பொய்யும் இல்லை, தலைவலியைத் தவிர.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாள். அவளுக்குத் தாடையிலும் கழுத்திலும் முடி வளரும். ஹார்மோன் கோளாறு. கல்லூரி நாட்களிலிருந்தே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக எடுத்து வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். உன் அம்மாவிடம் கூடாது. என் அம்மாவிடம் கூடாது. தங்கையிடம் கூடவே கூடாது, ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள். சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டு வாங்கிய சத்தியம் அது ஒன்றுதான்.

அம்மா கொதித்த பாத்திரத்தைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள். வாயாடி குனிந்தாள்.

"ஆவி வேணாம்," என்றேன்.

"டேய், நீ எப்படா டாக்டரான?"

வாயாடி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டாள். பாத்திரத்தை இழுத்துத் தள்ளி வைத்தேன். தண்ணீர் தரையில் தளும்பியது.

"கிரீம் எவ்வளவு நேரம் வச்சிருந்த?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். இருபது நிமிடம் என்றாள். ஐந்து நிமிடம் என்றுதான் பெட்டியில் போட்டிருந்ததாம். முடி போகவில்லையே என்று விட்டுவிட்டாள். எரிந்ததும் வெந்நீரில் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். பிறகு வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் நீராவி.

"உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க அக்காவுக்கு நான்தான் எடுத்து விடுவேன்," என்றேன்.

சொல்லிவிட்டேன். பிறகு மிச்சத்தைச் சொல்வதில் சிரமம் இல்லை. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை. மெழுகை என் மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்ப்பேன். தாடைக்கு அடியில் அவளுக்குக் கை வாகாக வராது, அதனால் அங்கே நான். அம்மா எதிரில் 'வாங்க, போங்க' என்பவள், குளியலறைக்குள் 'பாத்துடா, பாவி' என்பாள். தோல் உடனே சிவக்கும். மறுநாள் முழுக்க வெந்நீர், வெயில், அடுப்பு எதுவும் ஆகாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது.

அம்மா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப அது தலைவலி இல்லியா," என்றாள்.

பாத்திரத்தை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினாள்.

பருத்தித் துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து வாயாடியிடம் கொடுத்தேன். ஒற்றி எடுக்கச் சொன்னேன், தேய்க்கக் கூடாது. பனிக்கட்டியை நேராக வைக்கக் கூடாது. பவுடர், வாசனை சோப்பு எதுவும் வேண்டாம். ஆறும்வரை அந்தக் கிரீமைத் தொடக் கூடாது. கொப்புளம் கண்டால் தோல் மருத்துவரிடம் போயாக வேண்டும். நீராவியிலிருந்து தள்ளியிருக்க, இரண்டு மூன்று நாளாவது பேக்கிங்கில் போடச் சொல்லிக் கேள் என்றேன்.

"கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சி என்னுதவிடச் சிவந்துடும் மாமா."

சிரிக்கப் பார்த்தாள். தோல் இழுத்து வலித்தது போல. நிறுத்திக்கொண்டாள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்ததாகச் சொன்னாள். ஒரே அறையில் பதினைந்து வருடம் படுத்திருந்தும் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றாள். அக்கா பார்த்த மருத்துவரின் சீட்டு உள்ளே இருக்கிறது, தருகிறேன் என்றேன்.

துணியை எடுக்காமலேயே கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் படுத்திருந்தா. நாங்க வந்து பாக்கும்போது முகம் சுத்தமா இருந்துச்சே."

துணியை வாங்கி மறுபடி நனைத்துக் கொடுத்தேன்.

"கடைசியா என்ன சொன்னா மாமா? என்னைக் கேட்டான்னு சொன்னீங்க. எங்க அம்மாகிட்ட அம்மாவக் கேட்டான்னு சொல்லியிருக்கீங்க."

என் அம்மாவிடம், அத்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றிருந்தேன். ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தேன். கேட்டவர்கள் எல்லாரும் அழுதார்கள்.

டெங்கு. நான்காம் நாள் மாலை. ரத்தத்தில் தட்டணுக்கள் இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கியிருந்தன. பல் தேய்க்கக்கூட வேண்டாம், ரத்தம் கசிந்தால் நிற்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை இவளும் இவளுடைய அம்மாவும் வருவதாக இருந்தது. அவள் போர்வையைத் தாடைவரை இழுத்துப் பிடித்திருந்தாள். குளிர்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் கூப்பிட்டுப் போர்வையைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். பையில் முடி எடுக்கும் இடுக்கி இருக்கிறது, எடு என்றாள். முடியாது என்றேன். டாக்டர் சொன்னது கேட்கவில்லையா என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன்.

இரவில் நினைவு தப்பியது. விடியும்போது முடிந்தது. பத்து நிமிடம் கொடுங்கள் என்று செவிலியரிடம் கேட்டுத் திரையை இழுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். ரத்தம் வரவில்லை. எப்போதும் சிவக்கும் தோல் சிவக்கவில்லை. பழக்கத்தில் ஈரத்துணி வைத்து ஒற்றினேன்.

இதையெல்லாம் வாயாடியிடம் சொன்னேன். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். முடியாது என்று நான் சொன்ன பிறகு அவள் சொன்னதையும் சொன்னேன்.

"வலிச்சாலும் சத்தம் போட மாட்டேன். நீ எடு."