கடப்பாரைச் சூடு

கிழக்கு வெளுக்கும் முன்பே சொர்ணவல்லி கணுக்கால் வரை பச்சைச் சாணியில் நின்றாள். மூத்திரம் ஊறிய சாணி கால்விரல்களுக்கிடையே பிதுங்கியது. மண்வெட்டியால் வாரித் தட்டுக்கூடையில் போட்டுத் தலையில் ஏற்றினால், கூடை இடுக்கிலிருந்து ஒழுகும் தண்ணீர் நெற்றியில் இறங்கி வாய்க்கு வரும். உதட்டை இறுக மூடிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால் அந்த வேலையில் பேச்சு கிடையாது, பாட்டும் கிடையாது.

கீரனூருக்குத் தெற்கே ஒரு செம்பாறை மேட்டில் இருந்தது தேனப்பனின் பால் பண்ணை. பால் முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போய்விடும்; சாணி இங்கேயே கிடக்கும். பண்ணைக்குக் கீழே சரிவில் கத்தரித் தோட்டம், அதற்கும் கீழே பள்ளத்தில் ஊருணி, ஊருணிக் கரையில் பண்ணையாட்களின் குடிசைகள். மேட்டில் பெய்கிற மழை எங்கே போய்ச் சேரும் என்று யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

முன்பெல்லாம் சாணியை வைக்கோலோடு கலந்து குவித்து, மேலே மண் பூசி, நடுவில் ஒரு கடப்பாரையைச் செருகி வைப்பார்கள். இரண்டொரு நாளில் உருவிப் பார்த்தால் கை பொறுக்காத சூடு இருக்கும். சூடு தணிந்ததும் புரட்டுவார்கள், மறுபடி ஏறும். நாலைந்து தரம் அப்படி வெந்து தணிந்த பிறகுதான் அது எரு. அந்தச் சூட்டில் வயிற்றுக்கடுப்புக் கிருமிகள் செத்துப்போகும் என்று சானிட்டரி இன்ஸ்பெக்டரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இந்த வருஷம் தேனப்பன் மாடுகளை இரண்டு மடங்காக்கினார், கூலியைக் குறைத்தார். "சுமக்குறதுக்குத்தான் கூலி, புரட்டுறதுக்குக் கிடையாது" என்றார். கூலியில்லாத வேலையை வயிறு காய்ந்தவன் எத்தனை நாள் செய்வான்? புரட்டல் நின்றது. கடப்பாரை தொழுவத்துச் சுவரோரம் துருப்பிடித்தது. பச்சைச் சாணி நேரே தோட்டத்துக்குப் போயிற்று.

ஆவணியில் ஒரு மழை அடித்து ஊருணித் தண்ணீர் நாறியது. காய்ச்சிக் குடியுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். சோறு பொங்கவே சுள்ளி கிடைக்காத இடத்தில் தண்ணீரைக் காய்ச்ச எங்கே போவது? குடிசைகளில் பிள்ளைகளுக்கு ரத்தமாகப் போயிற்று. வண்டிக்காரன் சவரியப்பனுக்கும் அவன் மனைவி செபமாலைக்கும் இருந்த ஒரே மகன் பிழைக்கவில்லை.

இப்போது ஐப்பசி. மழைக்கு ஏங்கியே பழகிய சீமை இது. ஆனால் அன்று காலை வடகிழக்கில் மேகம் கறுத்தபோது ஊருணிக் கரையில் ஒருவருக்கும் மனம் குளிரவில்லை.

சொர்ணவல்லி கூடையோடு சரிவில் நின்று கீழே பார்த்தாள். அவளுடைய நாலு வயது மகள் ஆவுடையாள் ஊருணிப் படியில் குனிந்து, இரு கையாலும் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். தலையில் இருப்பதை இன்று தோட்டத்தில் கொட்டினால், நாளை அது மகளின் வாய்க்குப் போகும். அவள் திரும்பி மேடேறினாள். கூடையை எடுத்த இடத்திலேயே கவிழ்த்தாள்.

"என்னடி, திரும்பி வந்துட்டே?" தேனப்பன் தொழுவத்து வாசலில் நின்றார்.

"பயமா இருக்குங்கய்யா. மழை வரப் போகுது. இது எல்லாம் எங்க தண்ணியில எறங்கிரும்."

"மழைக்கு முன்னாடி தோட்டத்துல பரப்பணும்னுதானே சொல்றேன்! சாணியில நோய் வருதாக்கும்? வீடு பூரா சாணி போட்டு மொழுகுறீகளே, அதுல யாரு செத்தா?"

சவரியப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். "மொழுகுனது வெயில்ல காயுதுங்கய்யா. அதை யாரும் கரைச்சுக் குடிக்கிறதில்ல."

"ஒன் மகன் செத்தது ஒன் விதிடா சவரி. எம்மேல போடாதே."

சவரியப்பன் போய்ச் சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்தான். தேனப்பன் ஓரடி பின்வாங்கினார். சவரியப்பன் அதைச் சாணிக் குவியலில் ஆழமாகச் செருகினான்.

"இது சூடேறுற வரைக்கும் ஒரு கூடை எறங்காதுங்கய்யா. புரட்டுறதும் வேலைதான். அதுக்கும் கூலி குடுங்க."

"குடிசை எல்லாம் என் நிலத்துல நிக்கிது, ஞாபகம் இருக்கா? ரெண்டு நாள் தாரேன். அதுக்குள்ள தோட்டத்துல சாணி விழுகணும். இல்லேன்னா கூரையைப் பிரிச்சு எறிஞ்சுருவேன்."

அவர் போனதும், சாணி சுமக்க வந்திருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரமாக யாரும் நிற்கவில்லை, பயந்துபோய்த்தான் நின்றார்கள். ஆனால் கூடையை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. வைக்கோலைக் கொண்டுவந்து கலந்தார்கள். மேடாகக் குவித்து மண் பூசி, நடுவில் கடப்பாரையை மறுபடி செருகினார்கள். சுற்றிலும் வரப்பு போட்டார்கள். முதல் தூறல் விழுந்தபோதுதான் சொர்ணவல்லிக்கு உறைத்தது.

"மேல மூட ஒண்ணுமில்லையே! நனைஞ்சா கரைஞ்சு ஓடிருமே!"

செபமாலை சரிவில் இறங்கினாள். தன் குடிசைமீது ஏறிக் கூரைக் கயிறுகளை அறுத்தாள். பனையோலை சரிந்து விழுந்தது.

"அக்கா! என்னக்கா பண்றீக?"

"நாளன்னைக்கு அவுக பிரிக்கப் போற கூரைதானே." செபமாலை அடுத்த கயிற்றை அறுத்தாள். "எங்க வீட்டுல நனையுறதுக்கு யாருடி இருக்கா?"

சொர்ணவல்லி ஆவுடையாளைத் தூக்கிப் பக்கத்துக் குடிசையில் விட்டுவிட்டு, தன் கூரையிலும் கை வைத்தாள். அடுத்த வீட்டுக்காரர்களும் ஆளுக்குப் பாதிக் கூரையைப் பிரித்து, ஓலைகளை மேடேற்றிக் குவியலை மூடினார்கள். மனிதர்கள் நனைந்தார்கள், சாணி நனையவில்லை.

இரண்டு நாளும் மழை விடவில்லை. பிள்ளைகளை மீதிக் கூரையின் கீழே நெருக்கி உட்காரவைத்தார்கள். சும்மா இருமினாலும் தாய்மார் ஓடிப்போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆண்கள் முறை வைத்து வரப்பை மிதித்துக் காத்தார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது, பண்ணைச் சாலையில் தேனப்பனின் வில்வண்டி வந்தது. பின்னால் கம்புகளோடு ஆட்கள். பண்ணையாட்கள் குவியலைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். அப்போது தொழுவத்திலிருந்து கறவைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அவர்கள் கைச் செம்புகளில் பால் இல்லை.

"இன்னைக்குப் பஸ்ஸுக்குப் பால் போகலை" என்றார் அவர்களில் மூத்தவரான சிவசாமி. "எங்க பிள்ளைகளும் அந்த ஊருணித் தண்ணிதான் குடிக்குது."

சொர்ணவல்லி ஓலையை விலக்கிக் கடப்பாரையை உருவினாள். அதன் நுனியைத் தொட்டாள். சுரீரென்று சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, நம்ப முடியாமல் மறுபடி தொட்டாள்.

"அக்கா, சூடேறிருச்சு!"

செபமாலை தொட்டுப் பார்த்தாள். தொட்ட கையை எடுக்காமல் அழுதாள். சவரியப்பன் தொட்டான், சிவசாமி தொட்டார். கடப்பாரை கைக்குக் கை மாறிக்கொண்டிருக்க, வண்டி வந்து நின்றது.

சொர்ணவல்லி கடப்பாரையைக் கேட்டு வாங்கி மறுபடி குவியலில் செருகினாள். ஓலையை இழுத்து மூடினாள்.

"இன்னும் நாலு தரம் புரட்டணும்ணே" என்றாள் சவரியப்பனிடம். எல்லோரும் வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.